ஒரே சஹன், இரண்டு உடம்பு

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் என் கணவர் என்மேல் சுமத்திய ஒரே திருட்டுக் குற்றம் வட்டலப்பம் சம்பந்தப்பட்டது. நகையில்லை, பணமில்லை. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த இனிப்பு ஒரு கிண்ணம் ஃபிரிட்ஜிலிருந்து காணாமல் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "சரி, சரி" என்றார். அந்த இரண்டாவது ‘சரி’தான் என்னைக் கொளுத்தியது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன வருடமே துபாய்க்குப் போனவர். அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வருடத்துக்கு நாற்பது நாள் லீவு. கூட்டிப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்கடியில் இருந்தது மூன்று வருடம்கூடத் தேறாது. போன நோன்புப் பெருநாளுக்கு முந்தி ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பெரிய அட்டைப்பெட்டி, ஒரு கம்பளி, கண்ணாடியில் செய்த ஓர் எடை மெஷின், கொஞ்சம் சர்க்கரை வியாதி, நிறையத் தொப்பை. இவ்வளவும் அவரோடு வந்தன.

எனக்கு நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலையில் ஸ்கூட்டரில் போய், சாயங்காலம் திரும்புவேன். ஒரே மகள் சென்னையில் படிக்கிறாள். ஆக, வீட்டில் அவர், நான், மெஷின்.

அவருக்குக் கிடங்கு போய்விட்டது, ஆனால் கிடங்குப் புத்தி போகவில்லை. ஒரு வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மசாலா டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். பழைய பருப்பு முன்னால், புதுப் பருப்பு பின்னால் என்று சட்டம் போட்டார். பிறகு அடுக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் கொஞ்சம் கொறைக்கணும் புள்ள. ரெண்டு பேரும் சேந்தே கொறைப்போம்."

எனக்கும் ஆசைதான். நாற்பத்தைந்து வயது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் ஸ்கூட்டர் ஒரு மூச்சு விடும். நாலு வருடமாகத் தைராய்டுக்கு மாத்திரை வேறு. சரி என்றேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சஹன் சாப்பாடு உண்டு. சஹன் என்றால் பெரிய தட்டு. அதை நடுவில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பரணிலிருந்த சஹனை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, தினமும் இரண்டு பேரும் அதில்தான் சாப்பிடுவது என்று முடிவு செய்தார். நடுவில் ஒரு சோற்று வரப்பு. இந்தப் பக்கம் அவருக்கு, அந்தப் பக்கம் எனக்கு. மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், இரண்டு துண்டு கிடந்தால் தலைக்கு ஒன்று. முட்டை ஒன்றாக இருந்தால் நூல் வைத்து அறுப்பார். உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடம் தனியாகச் சாப்பிட்டவளுக்கு, எதிரே ஒரு கை தட்டுக்குள் வருவதே பெரிய விசேஷம்.

இன்னொரு ஏற்பாடும் செய்தார். என் மாத்திரைப் பட்டையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். "நீ ஆபீஸ் அவசரத்துல மறந்துடுவே" என்றார். அதிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ போடுவார். ஒரு கையில் டீ, ஒரு கையில் மாத்திரை. நான் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பார். எனக்கு யாரும் அதுவரை டீ போட்டுத் தந்ததில்லை. மாத்திரையை வாயில் போட்டு அந்த டீயாலேயே விழுங்குவேன். பாலும் இஞ்சியும் மணக்கும் அந்த முதல் வாய் அவ்வளவு நன்றாக இருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் ஜும்மாவுக்குக் குளிக்கப் போகுமுன் எடை பார்ப்போம். அதற்காகவே ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். முதல் வெள்ளி அவர் ஒன்றரை கிலோ குறைந்தார், நான் அரைக் கிலோ. இரண்டாவது வெள்ளி அவர் இன்னும் ஒரு கிலோ, எனக்கு ஒன்றுமில்லை. மாதம் முடிவதற்குள் அவருடைய லுங்கி இடுப்பில் நிற்காமல் இறங்கியது. என் அரைக் கிலோ திரும்பி வந்து, தன்னோடு இன்னொரு அரைக் கிலோவையும் கூட்டி வந்திருந்தது.

சாயங்காலம் அரசலாற்றங்கரை ரோட்டில் கடற்கரை வரை நடப்போம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவரை நிறுத்தி, "மாஷா அல்லாஹ், எளச்சிட்டீங்களே!" என்பார்கள். அவர் கூச்சப்படுகிற மாதிரி நடிப்பார். அவர் கூச்சப்படுவதை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பி, "நீங்க எப்பங்க ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். நான் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் மாதக் கடைசி வெள்ளியன்று அவர் ஒன்பது கிலோ குறைந்திருந்தார். நான் இரண்டு கிலோ ஏறியிருந்தேன். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெஷினைத் தூக்கிக் குலுக்கிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். அதே எண். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, கிடங்கில் கூலிக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"இங்க பாரு. ஒரே லாரியில வந்த சரக்க ரெண்டு ரூமுல சரிபாதியா வச்சா, ரெண்டும் ஒண்ணாத்தான் கொறையணும். ஒரு ரூமுல மட்டும் ஏறுதுன்னா என்னா அர்த்தம்? வேற வாசல் வழியா ஏதோ உள்ள வருது."

"அந்த ரூமு உங்க மேல சரிஞ்சிடப் போவுது. தள்ளி நில்லுங்க" என்றேன்.

சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து வாசலைக் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வாரம்தான் வட்டலப்பம் காணாமல் போனது. அடுத்த நாள் சீனி எடுக்க டப்பாவைத் திறந்தேன். பிளாஸ்டிக் டப்பாவின் வெளிப்பக்கம், சீனி இருக்கிற மட்டத்தில், மார்க்கர் பேனாவால் நேர்கோடு ஒன்று போட்டிருந்தது. நெய் பாட்டிலில் ஒன்று. முறுக்கு டின்னில் ஒன்று. ஸ்டாக் சரிபார்ப்பு.

கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, பசி வரும். அன்றைக்கு நான் மட்டும் மனம் வைத்திருந்தால் மூன்று கோடுகளையும் ஒரே மூச்சில் தாண்டியிருப்பேன். செய்யவில்லை. என் வீட்டு அடுப்படியில், என் கையால் வாங்கி வைத்த சீனியை, என்னிடமிருந்து ஒருவர் காவல் காக்கிறார். டப்பாவை மூடி அதே இடத்தில் வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டு முடித்திருப்பேன். அந்த மாதம் அவருடைய அக்கா வீட்டில் பேரனுக்குப் பெயர் வைக்கும் விருந்து. சாப்பாடெல்லாம் முடிந்து, நெருங்கிய சொந்தம் மட்டும் பதினைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தட்டில் வட்டலப்பம் அடுக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் இவர் குறுக்கே விழுந்தார்.

"அவளுக்கு வேணாம் லாத்தா. வூட்லேயே யாருக்கும் தெரியாம ஓடிக்கிட்டிருக்கு. பூனை கணக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனத்தோடு சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். அவரும் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் என் கை நடுவழியில் நின்றுவிட்டது. அதை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கடைசியில் அதே கையால் இல்லாத தாவணியைச் சரி செய்துகொண்டேன். நான் தாவணி போட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது; அன்று கட்டியிருந்தது சேலை. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவெடுத்தேன். சஹனில் என் பாதியிலும் பாதியைத்தான் தொடுவது. காலைப் பசியாற ஒரே ஓர் இட்லி. ராத்திரிக்கு வெறும் மோர். இதற்குமேல் எந்த வாசல் வழியாக என்ன வரும், பார்க்கலாம் என்று வைராக்கியம். அப்படி மூன்று வாரம் இருந்தேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஆவணிப் புழுக்கத்தில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, நான் அவர் கொண்டுவந்த துபாய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் ஆண்பிள்ளைக் குரலானது. போனில் நான் பேசியதும் மகள், "அத்தா, உம்மாகிட்டக் குடுங்க" என்றாள். ஆபீஸில் வீட்டுவரி ரசீதில் சீல் குத்தும்போதே கண் சொக்கும். மூன்றாவது வெள்ளி மெஷினில் ஏறினேன். முக்கால் கிலோ கூடியிருந்தது.

அன்றுதான் நான் பயந்தேன். அதுவரை அவர் நம்பாவிட்டாலும் நான் என்னை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ? சிரிக்காதீர்கள். காலையில் எழுந்ததும் முட்டைகளை எண்ணினேன். சீனி டப்பாவில் அவர் போட்ட கோட்டை நானே குனிந்து சரிபார்த்தேன். சீனி கோட்டில்தான் இருந்தது. அப்படியும் எனக்கு நிம்மதி வரவில்லை.

கால் வீங்கியதைப் பார்த்துத்தான் அவர் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். கூட்டிப் போனார் என்பது ஒரு பேச்சுக்கு. துபாயில் இருந்து இருந்து ஊர் டிராஃபிக்கைக் கண்டு பயப்படுகிறவர். வீங்கிய காலோடு ஸ்கூட்டரை ஓட்டியது நான். பின்னால் உட்கார்ந்து, எதிரே நிலக்கரி லாரி வரும்போதெல்லாம் ஸலவாத்து ஓதியது அவர்.

ஹார்மோன் படித்த டாக்டரம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த நாள் ரிசல்ட்டைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"தைராய்டு ரொம்ப மோசமா இருக்கே. மாத்திரைய நிறுத்திட்டீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நாலு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அல்லவா?

"ஒரு நாள் தவறலிங்க டாக்டர். என் பொறுப்பு. காலையில என் கையாலதான் குடுக்கிறேன், டீயோட."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டீயோடயா?"

"ஆமாங்க. நல்லா பால் ஊத்தி, இஞ்சி தட்டிப் போட்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வெறும் வயித்துல போடணும்னு யாரும் உங்களுக்குச் சொல்லலியாம்மா?"

"சொன்னாங்க டாக்டர். வெறும் வயித்துலதான் போடுறேன்."

"அப்ப டீ?"

"டீதானே டாக்டர்" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, இந்த ஊரில் வாரத்துக்கு நாலு பேராவது தன்னிடம் இதையே சொல்வதாகச் சொன்னார். ஒன்றும் சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வாருங்கள் என்றால், "ஒண்ணுமே சாப்பிடலிங்க, ரெண்டே ரெண்டு டீதான்" என்று வந்து நிற்பார்களாம். நியாயம்தானே. எங்கள் ஊரில் டீயைச் சாப்பாட்டில் யார் சேர்த்தார்கள்? வந்தவருக்கு டீ கொடுத்துவிட்டு, ‘ஒண்ணுமே சாப்பிடாம போறீங்களே’ என்று வருத்தப்படுகிற ஊர் இது.

என் கணவர் துபாயில் இருந்த காலத்தில், எழுந்ததும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். முகம் கைகால் கழுவி ஒளூ செய்து, தொழுது, வாசல் பெருக்கி, அப்புறம்தான் டீ. ஒரு மணி நேரம் தானாகவே ஓடிவிடும். காரணம் தெரியாமலே சரியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். டீ போட்டுத் தர ஆள் வந்ததும் எல்லாம் கெட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தைராய்டு என்பது அடுப்பின் திருகு மாதிரி. சரியாக வேலை செய்தால் தீ நிதானமாக எரியும். என் திருகு பழுதானதால்தான் அந்த வேலையை மாத்திரை செய்கிறது. பாலும் டீயும் சேர்ந்தால் மாத்திரை ரத்தத்தில் சரியாகச் சேராது. தீ சிம்முக்குப் போய்விடும். உடம்பில் நீர் கோக்கும், குளிரும், தூக்கமாக வரும், எடை ஏறும். அந்த நேரத்தில் நான் பட்டினி வேறு கிடந்ததால், சோறு வருவது குறைந்துவிட்டது என்று உடம்பு எரிப்பதை இன்னும் குறைத்துக்கொண்டது. மாதவிலக்கு நிற்கப்போகிற வயது என்பதால் அந்த ஹார்மோன்களும் ஏறி இறங்கித் தங்கள் பங்குக்கு விளையாடுகின்றன.

"மாத்திரை சரியானா எல்லாம் எறங்கிடுமா டாக்டர்?" என்றேன்.

"பொய் சொல்ல மாட்டேன். தைராய்டால ஏறினது ரெண்டு மூணு கிலோதான் இருக்கும், அதுலயும் நீர்தான் நிறைய. அது எறங்கும். மீதி மெதுவாத்தான். நல்லா சாப்பிட்டு, நடந்து, தசைக்கு வேலை குடுத்து. பட்டினி வேணவே வேணாம்."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "ஆனா டாக்டர், நாங்க ரெண்டு பேரும் ஒரே சஹன்ல... ஒரே தட்டுல... சரிபாதியாத்தான் சாப்பிட்டோம். நான் ஒம்பது கிலோ எறங்கினேனே?"

"தட்டு ஒண்ணு சார். உடம்பு ரெண்டு. உங்களுக்குத் தசை அதிகம், சும்மா உக்காந்திருந்தாலே அவங்களவிட அதிகமா எரியும். எடையும் கூட இருந்துச்சு, அதனால ஆரம்பத்துல வேகமா எறங்கும். தைராய்டும் நல்லா இருக்கு. நீங்க எளச்சதுல பாதி உங்க தெறமைன்னு வச்சுக்கங்க. மீதி உங்களுக்கு அமைஞ்ச ஒடம்பு."

அந்தப் பாதியைக் கேட்டபோது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் அவ்வப்போது நினைத்துப் பார்த்துக்கொள்வேன். ஆனால் அப்போது சிரிக்க முடியவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றார். அவர் சொன்னது மாத்திரை விஷயத்தைத்தான். எனக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன். நான் தின்னவில்லை, தூக்கத்தில்கூடத் தின்னவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டது.

திரும்பி வரும்போது பின் சீட்டில் ஸலவாத்துச் சத்தம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து நான் கொஞ்சம் படுத்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனால், அவர் சீனி டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அழியாத மார்க்கர். சோப்பு போட்டுப் பார்த்திருந்தார், தேங்காய் எண்ணெய், எலுமிச்சைத் தோல். கோடு அப்படியே இருந்தது. மகளுடைய அலமாரியில் நகப்பாலிஷ் அழிக்கிற மருந்து இருந்தது. அதைத் தொட்டுத் துடைத்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். நான் சொல்லவில்லை. கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. பள்ளிவாசலுக்குப் போகுமுன் என்னை எழுப்பி, ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் தருவார். தொழுது, நடந்து, பேப்பர் வாங்கிக்கொண்டு வந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் ஆன பிறகே டீக்கு அடுப்பைப் பற்ற வைப்பார். ஐம்பத்தைந்து நிமிஷத்தில் கேட்டாலும் கிடைக்காது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டார். மெஷின் கட்டிலுக்கடியில் போனது. டாக்டர் சொன்ன கெடுவில் அதை வெளியே இழுத்து ஏறிப் பார்த்தபோது மூன்று கிலோ இறங்கியிருந்தேன். கால் வீக்கம் போயிருந்தது. கம்பளி பரணுக்குப் போய்விட்டது. மகளுக்குப் போனில் நான்தான் பேசுகிறேன் என்று அடையாளம் தெரிந்தது.

எல்லாம் சரி. ஆனால் அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ ருசியாகத்தான் இருந்தது. இருந்தாலும், பதினைந்து பேர் நடுவில் நின்றுபோன அந்தக் கை எனக்கு மறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு விருந்துக்கு அதே அக்கா வீடு. அதே கூடம், ஏறக்குறைய அதே ஆட்கள். போகாமல் இருக்க ஒரு தலைவலியை யோசித்து வைத்திருந்தேன், அவர் விடவில்லை. சாப்பாடு முடிந்தது. அக்கா தட்டோடு வந்தார். கிண்ணங்களில் வட்டலப்பம், மேலே முந்திரி.

"இந்தா புள்ள, ஒனக்குக் குடுக்கலாமா? இல்ல, வூட்லேயே முடிச்சிட்டு வந்துட்டியா?"

நாலைந்து பேர் சிரிக்கத் தயாரானார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"லாத்தா, ஒரு நிமிஷம்" என்றார் அவர். எழுந்து நின்றுவிட்டார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நின்றது ஒரு மாதிரி இருந்தது. "அன்னிக்கி இதே எடத்துல உக்காந்துகிட்டு நான் சொன்னது தப்பு. அவ ஒண்ணும் திருடித் திங்கல. மாத்திரையக் கெடுத்தது நான். நாலு மாசம் டீயப் போட்டுக் குடுத்து அவ ஒடம்பக் கெடுத்துட்டு, அவளையே உங்க முன்னாடி கள்ளியாக்கிட்டேன். அவ அரைவயிறுதான் சாப்பிட்டா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டேதான் இருந்தேன். அப்பவும் நம்பல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா, "டீயில என்னாடா தம்பி இருக்கு?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அடுப்பு, திருகு, சிம், தசை என்று அவர் ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா ஐந்து நிமிஷத்தில் சொன்னதை இவர் அரைமணி நேரம் சொன்னார். தைராய்டு மாத்திரை போடுகிற இரண்டு பேர் தங்கள் டீயைப் பற்றிக் கவலையோடு விசாரித்தார்கள். இவர் அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்.

பேச்சின் நடுவிலேயே இவர், அக்கா கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கரண்டியையும் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சாப்புடு" என்றார். டாக்டர் இனிப்பை அளவோடு சாப்பிடச் சொல்லியிருந்தார். இரண்டு கரண்டி அளவுதானே.

நான் கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு கரண்டி வட்டலப்பத்தையும் மெதுவாக, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன்.